முதலில் அறையைப் பதிவு செய்யுங்கள்

ஒலிப்பதிவு கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மைக் வாங்கலாம் என்றுதான். எந்த அறையில் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். "வீட்டில்தான் சார், பெட்ரூமில்" என்பார்கள். அந்த பெட்ரூம் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், தரையில் என்ன போட்டிருக்கிறது, ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, எல்லாரும் பேச்சை நிறுத்திய பிறகு அங்கே என்ன கேட்கிறது என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் மைக் பேச்சுக்கே வருவேன். ஐயாயிரம் ரூபாய் மைக்கானாலும் ஐம்பதாயிரம் ரூபாய் மைக்கானாலும் அது வைக்கப்பட்ட அறையைச் சேர்த்தேதான் பதிவு செய்யும்.

நான் பதிவு செய்வது பெரும்பாலும் ஸ்டூடியோவுக்கு வெளியே. ஒலிக்கதைகள், ஓதுவார்களின் தேவாரம், நாகஸ்வரம், ஊர்ப் பெரியவர்களின் நினைவுகள். பேட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்டர், இரண்டு மைக், ஹெட்போன், சில கம்பளிகள், இரண்டு பவானி ஜமுக்காளம். இவ்வளவுதான் என் சரக்கு. இந்த வேலையில் எனக்கு உறுதியாகப் பிடிபட்டது ஒன்று உண்டு. குரலோ வாத்தியமோ ஒலிக்கும்போது கேட்பவரின் மனம் அதிலேயே இருக்கும். அது நிற்கிற அந்த ஓரிரு விநாடியில்தான் நாம் எங்கே இருக்கிறோம் என்று காது தேடும். அந்த இடைவெளியில் எதை வைக்கிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால், மைக்கை எங்கே வைப்பது, எந்த அறையைத் தேர்ந்தெடுப்பது, எதை வெட்டுவது எல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

எந்த வீட்டிலும் முழு நிசப்தம் கிடையாது. சென்னை அடுக்குமாடி வீட்டில் எல்லாரும் வாயை மூடினால் தூரத்துச் சாலை கேட்கும், மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்கும். ஓட்டு வீட்டில் வெயில் ஏறும்போது ஓடுகளும் சட்டங்களும் லேசாகச் சடசடக்கும். கல் மண்டபத்தில் வெளியே அடிக்கிற காற்றுகூட உள்ளே ஒரு தாழ்ந்த ஒலியாக வந்து தங்கும். இதைத்தான் எங்கள் வேலையில் ரூம் டோன் என்கிறோம். கதை சொல்பவர் இருமிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டு அங்கே வெறும் பூஜ்யத்தை வைத்தால், இருட்டில் இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போனது போல் காது தடுமாறும். போன் நின்றுவிட்டதோ என்று கேட்பவர் திரையைப் பார்ப்பார். அந்த ஒரு நொடியில் கதை போய்விட்டது.

அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு முழு நிமிடம் ரூம் டோன் எடுப்பேன். அதே மைக், அதே இடம், ரெக்கார்டரில் அதே அளவு. கதவும் ஜன்னலும் எப்படி இருந்தனவோ அப்படியே. பதிவில் இருந்தவர்கள் அனைவரும் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். நம் உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சும், ஆட்கள் வெளியே போய்விட்டால் அறை மாறிவிடும். பதிவு முடிந்ததும் எடுப்பது நல்லது. தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒரு பரபரப்பு இருக்கும், நாற்காலி கிறீச்சிடும், சேலை சரசரக்கும். முடிந்த பிறகு மூச்சு அடங்கியிருக்கும். நேரம் மாறினால் மறுபடியும் எடுக்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கு எடுத்ததை மாலை ஆறரை மணிப் பதிவில் ஒட்டினால் சில்வண்டு காட்டிக்கொடுத்துவிடும். ஒலிநூல் செய்கிறவர்களுக்கு இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஒலிநூல் விற்கும் ஆடிபிளுக்கு நூல்களை அனுப்பும் ஏசிஎக்ஸ் தளத்தில் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ரூம் டோன் இருக்க வேண்டும். பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும்.

அந்த மைனஸ் 60க்கு நம் வீடுகளில் முதல் தடை மின்விசிறி. அதை நிறுத்தினால் வியர்க்கும், ஆனால் வேறு வழியில்லை. பதிவுக்கு முன் அரை மணி நேரம் ஓட விட்டு, எடுக்கும்போது நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விடுவேன். அடுத்தது ஃபிரிட்ஜ். நிறுத்திவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடினால் ஃபிரிட்ஜைப் போட வேண்டும் என்பது ஞாபகம் வரும். வெளியிடங்களில் ஒலிப்பதிவு செய்யும் எல்லாருக்கும் தெரிந்த பழைய உபாயம் இது. அப்புறம் இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், பழைய டியூப்லைட்டின் சோக், சுவர்க் கடிகாரம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக்கின் ரீங்காரம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் இருக்கும். ஆண் குரலின் அடித்தளமும் அங்கேயேதான். பிறகு கணினியில் பிரிக்க முயன்றால் குரலும் கூடவே போகும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகளை நாளிதழ்களில் முன்கூட்டியே அறிவிக்கிறது. எனக்கு அது ஒலிப்பதிவு நாள்காட்டி. தெரு முழுக்க மோட்டாரும் ஏசியும் ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் நிற்கும்போது, அத்தனை நாளும் நம் காதுக்குப் பழகிப்போயிருந்த ஒரு திரை விலகும். பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்த குடியிருப்பு இல்லையென்றால், ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும் வாடகை அன்றைக்கு மிச்சம். பேட்டரியில் ஓடும் ரெக்கார்டர் வைத்திருப்பதன் முழுப் பயனும் அப்போது தெரியும்.

இரைச்சல் போன பிறகு மிஞ்சுவது அறை. அதிலும் நம் ஊரின் பத்துக்குப் பத்து அறை. பத்தடி என்பது சுமார் 3.05 மீட்டர். நம் வெப்பநிலையில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அது போய்வருவதைக் கணக்கிட்டால் 57 ஹெர்ட்ஸிலும் அதன் இரு மடங்கான 114 ஹெர்ட்ஸிலும் அந்த அறை தானே கூடச் சேர்ந்து பாடும். கூரையும் பத்தடி உயரம் என்றால் மூன்று திசையிலும் அதே எண்கள் வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும். பல ஆண்கள் பேசும் சுருதி அந்த 114ஐ ஒட்டித்தான் இருக்கிறது. வீட்டில் பதிவு செய்த ஆண் குரல் குடத்துக்குள் பேசியதாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் இந்த 114 உச்சத்தில் இருக்கும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, அறையின் எதிர் மூலையைப் பார்த்தபடி உட்காரச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். இதற்குக் காசு செலவில்லை.

ஃபோம் ஒட்டுகிறவர்களும் முட்டை அட்டை ஒட்டுகிறவர்களும் என் மேல் கோபப்படக் கூடாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை மூன்றரை மீட்டர் நீளம். ஓர் அங்குல ஃபோமுக்கு அது அகப்படாது. அது ச, ஸ போன்ற கூர்மையான ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு, அடியிலுள்ள முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். குரல் மங்கும், முழக்கம் தங்கும். பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டை மூலைகளில், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்திப் பாருங்கள். துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வையுங்கள். தெர்மோகோல் எதற்கும் உதவாது. எதை எங்கே தொங்கவிடுவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் முன்பக்க ஒலியையே எடுக்கும் கார்டியாய்டு மைக் பேசுபவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதாவது அவருக்குப் பின்னாலுள்ள சுவரையும் பார்த்துக்கொண்டிருக்கும். கம்பளி தொங்க வேண்டியது அந்தச் சுவரில். பலரும் மைக்குக்குப் பின்னால் மட்டும் தொங்கவிட்டுவிட்டு, சுவர் ஏன் இன்னும் கேட்கிறது என்று கேட்கிறார்கள்.

தூரமும் இதோடு சேர்ந்தது. மைக்கின் தூரத்தை இரட்டித்தால் நேரே வரும் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் ஒலியோ ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட காலிப் பத்துக்குப் பத்து அறையில், குரலும் அறையும் சமமாகும் தூரம் கணக்குப்படி ஏறத்தாழ ஒரு சாண்தான். கார்டியாய்டு என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம். பெரிய மண்டபத்தில் அதே எல்லை இரண்டு மீட்டருக்கு அப்பால் போய்விடும். இந்த எல்லையைக் காதால் கண்டுபிடிப்பது எளிது. ஒருவரைத் தொடர்ந்து பேசச் சொல்லிவிட்டு, ஹெட்போனோடு மைக்கைக் கையில் பிடித்துப் பின்னால் நடங்கள். ஓரிடத்தில் குரலின் ஓரம் கரையத் தொடங்கும். அதற்கு உள்ளே நின்றால் அந்தரங்கம், வெளியே நின்றால் இடம். கதையில் ஒருவர் தனக்குத்தானே நினைத்துக்கொள்ளும் வரிகளை உள்ளேயும், அவர் ஊருக்கு முன்னால் பேசும் வரிகளை வெளியேயும் எடுப்பேன். அதே அறை, அதே குரல். கணினியில் எந்த எஃபெக்டும் போட வேண்டியதில்லை.

அறை எவ்வளவு நேரம் ஒலியைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை முதலில் முறையாக அளந்தவர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டில், ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் பேச்சு ஒன்றோடொன்று குழம்புகிறது, சரிசெய்யுங்கள் என்று அந்த இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே ஒரு சொல் அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது. அவர் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து, ஓர் ஆர்கன் குழலை ஊதி, நிறுத்தக் கடிகாரத்தில் நேரம் பார்த்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்தார். பகலில் ஊர்ச்சத்தம் விடாது. அவரும் இரவைத் தேடித்தான் போயிருக்கிறார். அந்த அளவீடுகளிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900இல் அதன்படி கட்டப்பட்டது. எனக்கு அதில் பிடித்தது அவர் வைத்த அளவு. ஒரு பொருள் எவ்வளவு ஒலியை உறிஞ்சும் என்பதைத் திறந்த ஜன்னலோடு ஒப்பிட்டார். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது, ஆக அதுதான் முழு உறிஞ்சல்.

இதைப் படித்த பிறகுதான் செட்டிநாட்டு வீடுகள் எனக்குப் புரிந்தன. கல்தூண், சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடித் தரை, உயரமான கூரை என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கும் பொருள்கள். அங்கே பாடினால் ஒலி குழம்பிப் போக வேண்டும். முற்றத்தைச் சுற்றிய வளவில் உட்கார்ந்து பாடிப் பாருங்கள், தெளிவாகக் கேட்கும். நடுவில் முற்றம் வானத்துக்குத் திறந்திருக்கிறது. அத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னல் தலைக்கு மேலே இருக்கிறது. நீளமாகத் தங்கும் ஒலி மேலே போய்விடுகிறது, தூண்களிலும் சுவர்களிலும் பட்டு உடனே திரும்பும் ஒலி மட்டும் தங்குகிறது. அந்த முதல் எதிரொலிகள்தான் குரலுக்கு உடம்பு கொடுப்பவை. நேர் ஒலிக்குப் பின் முப்பது மில்லி விநாடிக்குள் வருவதைக் காது தனியாகப் பிரிக்காது, குரலோடு சேர்த்துக்கொள்ளும். காலி பெட்ரூமில் கூட இதைச் சோதிக்கலாம். கைதட்டுங்கள், ஒரு மீட்டர் சதுர ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி தட்டுங்கள். அறை ஒலியைப் பிடித்திருக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்பது கணக்கு.

நாகஸ்வரத்துக்கு இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. அது வீதிக்காகப் பிறந்த வாத்தியம். ஒலியடைத்த ஸ்டூடியோ அறைக்குள் கொண்டுபோனால் வாசிப்பவரே சுருங்கிவிடுவார், ஊதிய ஊதல் எங்கே போயிற்று என்று தேடுவார். முற்றத்தில் அவரை நிறுத்தி, மைக்கை வளவின் தாழ்வாரத்தில் மூன்று மீட்டராவது தள்ளி வைப்பேன். குழலின் அகன்ற வாயான அணசுக்கு நேரே வைப்பதில்லை. விரல் துளைகளிலிருந்தும் ஒலி வருகிறது, குழல் முழுதும் கேட்டால்தான் அது நாகஸ்வரம். தவிலை அதைவிடத் தள்ளி, முற்றத்தின் எதிர் ஓரத்தில். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடிகிற மாதிரி இருந்தால் போதும், தனித்தனி மைக் எதற்கு என்று எனக்குத் தோன்றும். மைக் வசதிகள் பெருகும் முன் கோடம்பாக்கத்தில் வாத்தியக்காரர்களை மைக்குக்கு அருகிலும் தள்ளியும் உட்காரவைத்தே ஒலியின் அளவைச் சமன் செய்தார்கள். நாற்காலியை நகர்த்துவதுதான் அன்றைய மிக்ஸிங். அந்தப் பழக்கத்தை நாம் இவ்வளவு சீக்கிரம் விட்டிருக்க வேண்டாம்.

கல் மண்டபம் வேறு உலகம். காவிரிக் கரையில் ஒரு சிவன் கோயிலில், அனுமதி வாங்கி, உச்சிகால பூசைக்குப் பிறகு நடை சாத்திய நேரத்தில் ஓர் ஓதுவாரைப் பதிவு செய்தேன். அதே ஓதுவார் அதே பதிகத்தைச் சிறிது காலம் முன்பு ஒரு ஸ்டூடியோவிலும் பாடியிருந்தார். அங்கே வரிக்கு வரி ஓடினார். குரல் உதட்டைத் தாண்டியதும் மறைந்துவிடுவதால், நிறுத்தினால் வெறுமையாகிவிடுமோ என்று அடுத்த வரியைப் போட்டு நிரப்பிக்கொண்டே போனார். மண்டபத்தில் தாளமில்லாமல் சுத்தாங்கமாக முதல் வரியைப் பாடி நிறுத்தினார். கடைசி அகாரம் தூண்களுக்கு நடுவே போய்த் திரும்பி அடங்குகிற வரை காத்திருந்தார். அப்புறம்தான் அடுத்த வரி. யாரும் அவரிடம் மெதுவாகப் பாடச் சொல்லவில்லை. முடிந்ததும் கேட்டேன். "இங்கே சுவாமி பதில் சொல்றார் தம்பி, நடுவுலே பேசக் கூடாது" என்றார்.

அவர் சொன்னதை என் வேலையின் மொழியில் சொன்னால், அறை பாடகரின் காலப்பிரமாணத்தை, அதாவது பாடும் வேகத்தை, மாற்றுகிறது. இதை ஸ்டூடியோவில் பாடவைத்துவிட்டுப் பிறகு கணினியில் ரிவெர்ப் என்கிற செயற்கை எதிரொலியைப் போட்டுப் பெற முடியாது. பாடியபோது விடாத இடைவெளியை ரிவெர்ப் உருவாக்காது, ஓடிய வரிகளின் மேல் ஒலியைப் பூசிவிட்டுப் போகும். எதிரொலியே இல்லாத உலர்ந்த அறையில்தான் பாட வேண்டிய நிலை வந்தால், அந்த ரிவெர்பைப் பாடும்போதே பாடகரின் ஹெட்போனில் கேட்கவையுங்கள். அவர் அதற்கேற்ப நிறுத்துவார்.

மைக் வைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் திசையும் எடுக்கும் ஆம்னி மைக் ஒன்று ஓதுவாருக்கு ஒரு மீட்டர் முன்னால், இன்னொன்று அதற்கும் ஏழு மீட்டர் பின்னால் தூண்களுக்கு இடையே. இரண்டாவதில் குரல் சுமார் 20 மில்லி விநாடி தாமதமாக வரும். எடிட்டிங்கில் இரண்டையும் நேராக்கச் சொல்லிச் சிலர் அறிவுரை தருவார்கள். இந்த மாதிரிப் பதிவில் நான் நேராக்குவதில்லை, அந்த 20 மில்லி விநாடிதான் மண்டபத்தின் நீளம். தூர மைக்கை முதல் வரியில் கொஞ்சமாகவும், பதிகம் போகப் போகச் சற்று அதிகமாகவும் சேர்த்தேன். புறாக்கள் இறக்கை அடித்தன, விட்டுவிட்டேன். கோயிலில் புறா இருப்பது யாருக்கும் தெரியும். ஆனால் வாசலில் வந்த வேனின் ரிவர்ஸ் ஹாரன் விழுந்த வரியை மறுபடி பாடச் சொன்னேன். எந்தச் சத்தம் அந்த இடத்துக்குச் சொந்தம், எது வந்து ஏறியது என்று பிரிப்பதற்கு எந்த மென்பொருளும் உதவாது, அதை நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும்.

நம் சங்கீதத்தில் இடைவெளிக்கு எப்போதும் கணக்கு உண்டு. கார்வை என்று சொல்லி அதை அட்சரக் கணக்கில் வைக்கிறோம். தாளம் தொடங்கும் இடமான சமத்தில் எதுவும் பாடாமல் தாளம் மட்டும் விழ, அரை இடம் தள்ளிப் பாட்டை எடுப்பது சாதாரணம். முற்றிலும் உலர்ந்த பதிவில் அந்தச் சமம் ஓட்டையாகக் கேட்கும். கொஞ்சம் அறை இருந்தால் தம்பூராவின் ஒலி அந்த இடத்தைத் தாங்கிக்கொள்ளும். மிருதங்கக் கச்சேரியைப் பதிவு செய்கிறவர்கள் கார்வைகளை மட்டும் ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. அடிகள் எப்படியும் நன்றாகத்தான் இருக்கும்.

பேச்சிலும் அப்படித்தான். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில், மாடுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து கமலை இறைத்த காலத்தைப் பற்றி ஒரு மூதாட்டியிடம் கல்லூரி மாணவி ஒருவர் பேட்டி எடுத்தார், நான் பதிவு செய்தேன். திண்ணையில் எடுக்கலாம் என்றார்கள். திண்ணையில் தெரு முழுக்க இருந்தது. உள்ளே நெல் மூட்டைகள் அடுக்கிய அறையைக் கேட்டு வாங்கினேன். நெல் மூட்டையைப் போல் ஒலியை விழுங்கும் சுவர் காசு கொடுத்தாலும் கிடைக்காது. பாட்டி நன்றாகப் பேசினார். "அந்தக் கெணத்துப் பாட்டு ஞாபகம் இருக்கா அப்பத்தா?" என்று கேட்டதும் ஒரு வரியைப் பாதி பாடினார். நிறுத்திவிட்டார். மாணவி அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பத்து விநாடிக்கு மேல் எதுவும் இல்லை. அவருடைய மூச்சும், கொல்லையில் ஒரு கோழியும் மட்டும். பிறகு அவர் பாட்டைப் பற்றிப் பேசவில்லை, பாடியவரைப் பற்றிப் பேசினார். பாடியவர் பாட்டியின் கணவர். நாங்கள் கேட்கத் தெரியாத கேள்விக்கு அந்தப் பதில் வந்தது.

அந்த இடைவெளியைச் சுருக்கலாமா என்று மாணவி கேட்டார். இரண்டு விநாடி போதுமே, கேட்பவர்கள் தள்ளிவிடுவார்களே என்றார். நியாயமான பயம்தான். நான் சொன்னது: நெல் அறையின் ஒலி அதற்கு முன் பத்து நிமிடமாகக் கேட்பவர் காதில் இருக்கிறது, அது தொடர்கிற வரை யாரும் போகமாட்டார்கள். மென்பொருளில் இரைச்சலை நீக்கி அறையைத் துடைத்திருந்தால் அந்தப் பத்து விநாடி செத்த பத்து விநாடியாகியிருக்கும். இரைச்சல் நீக்கியை நான் பயன்படுத்துவதுண்டு, ஐந்தாறு டெசிபல் அளவுக்கு மட்டும். அதற்கு மேல் போனால் குரலின் ஓரங்களில் நீரில் பேசியது மாதிரி ஒரு நடுக்கம் வரும், மூச்சு காணாமல் போகும். பேட்டி எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். பதில் முடிந்ததும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். "ம்", "சரி சரி" என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். வெட்டும்போது உங்களுக்கே தெரியும், அந்த "ம்" எத்தனை நல்ல இடங்களில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று.

அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது. நாற்பதடி ஆழம், கல் கட்டு, அடியில் கொஞ்சம் தண்ணீர். பாட்டியின் அந்தப் பாதி வரியை ஒரு சின்ன பேட்டரி ஸ்பீக்கரில் போட்டுக் கிணற்றின் விளிம்பிலிருந்து உள்ளே பாடவிட்டு, மைக்கைக் கயிற்றில் கட்டிப் பாதி ஆழத்துக்கு இறக்கிப் பதிவு செய்தோம். எதிரொலியை இப்படி இடத்திலிருந்தே வாங்குவது பழைய வித்தை. 1947இல் சிகாகோவில் ஒலிப்பதிவாளர் பில் புட்னம் ஒரு குளியலறையில் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்து ஹார்மோனிகேட்ஸ் குழுவின் இசைத்தட்டுக்கு எதிரொலி எடுத்தார். நமக்கு அடுக்குமாடிப் படிக்கட்டு இருக்கிறது, காலித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கிணறு இருக்கிறது. கிணற்றில் விளிம்புக்கும் அடித் தண்ணீருக்கும் ஒலி போய்வர 70 மில்லி விநாடி ஆகும், அதனால் ஒவ்வொரு அசையும் லேசாக இரட்டித்தது. மூல ஒலிக்குக் கீழே மிகக் குறைவாகச் சேர்த்துப் பாட்டியிடம் ஹெட்போனில் போட்டுக் காட்டினேன். "அவுக பாடயில இப்பிடித்தான் கேக்கும்" என்றார். கமலை ஓட்டுகிறவர் கிணற்றின் தலையில் நின்று பாடுவார், கீழிருந்து கிணறும் கூடப் பாடும்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் பழைய கிணற்றுக்குள் இறங்கவே கூடாது. பயன்பாட்டில் இல்லாத கிணறுகளில் விஷவாயு தேங்கியிருக்கும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மைக்கை மட்டும் இறக்குங்கள். கேபிளில் தொங்கவிடாமல், பாரத்தைக் கயிறு தாங்கும்படி கட்டுங்கள். காற்றுக்கு ஸ்பாஞ்ச் உறையும் அதற்கு மேல் ரோமத் துணி உறையும் போடுங்கள். படிக்கட்டு என்றால் இரவு பதினொரு மணிக்கு மேல், குடியிருப்புச் சங்கத்திடம் சொல்லிவிட்டு. ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் நேர் ஒலி குறைந்து எதிரொலி மட்டும் நன்றாக வரும்.

எல்லாம் முடிந்ததும் போனின் ஸ்பீக்கரிலும் பேருந்திலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். மெல்லிய ரூம் டோன் பேருந்தில் காணாமல் போகும், அதற்காக அதை ஏற்ற வேண்டாம். இடைவெளிக்கு முன்னால் வரும் கடைசிச் சொல் தெளிவாக விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தச் சொல் விழுந்துவிட்டால், பேருந்தில் இருப்பவரும் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பிரித்துத் தூணும் கதவும் விற்கிறார்கள். தூணை யாரோ வாங்கிக்கொள்வார்கள், அந்த வளவின் ஒலியை வாங்க ஆளில்லை. அப்படி ஒரு வீட்டுக்கோ பழைய பள்ளிக்கூடத்துக்கோ கொட்டகைக்கோ போக நேர்ந்தால், பாடகர் நிற்கும் இடத்தில் ஒரு பெரிய பலூனை உடைத்து, கேட்பவர் உட்காரும் இடத்தில் மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள். ரெக்கார்டரில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரம், வெடிப்பின் உச்சத்தில் ஒலி சிதையாத அளவு. உடைத்த பிறகு ஒலி முழுதாக அடங்கும் வரை யாரும் அசையாதீர்கள். இடத்தை மாற்றி நாலைந்து முறை செய்யுங்கள். கன்வல்யூஷன் ரிவெர்ப் என்ற மென்பொருள் இந்த ஒரு வெடிப்பிலிருந்து அந்த அறையை மறுபடி எழுப்பிக் கொடுக்கும், வேறெங்கோ பாடிய குரலை அங்கே பாடியதாக வைக்கலாம். கூடவே ஒரு நிமிடம் ரூம் டோன். கோப்பின் பெயரில் ஊர், தேதி, நேரம். நீளம், அகலம், உயரம் அளந்து ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவு திறந்திருந்தது, எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.